இந்த முறை தேவாரத்துக்கு ஆளில்லை

எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் ஆண்டு விழாவில் வருடா வருடம் தேவாரம் பாடியவன் நான். அவற்றில் கடைசி மூன்று வருடங்கள் நான் கிறிஸ்தவனாக இருந்துகொண்டு பாடினேன்.

செய்தியின் முதல் வசனத்திலேயே விஷயம் வந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசிரியரின் கட்டளை. எழுதிய எந்தச் செய்தியிலும் நான் அதை மீறியதில்லை. என்னைப் பற்றிய இந்த ஒரு செய்தியை மட்டும் முதல் வசனத்திலும் போடவில்லை, கடைசிப் பந்தியிலும் போடவில்லை.

அலுவலகம் கல்முனை பிரதான வீதியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. ஆசிரியர் ஹஜ் செய்தவர். 'சேர்' என்றால் திரும்பிப் பார்ப்பார்; 'ஹாஜியார்' என்றால் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். படம் பிடிப்பவரை எல்லோரும் காக்கா என்போம். இந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பக்கங்களை வடிவமைப்பவள் சாய்ந்தமருதில் இருந்து வரும் ஒரு தங்கச்சி. நான் மட்டும்தான் தமிழன்.

எங்கள் பகுதியில் ஒருவரை அறிய இரண்டு கேள்விகள் போதும். முஸ்லிமா? இல்லையென்றால் தமிழ். தமிழா? அப்படியென்றால் சைவம். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. என் பெயரிலோ முருகன் இருக்கிறான். அதனால் என்னிடம் இரண்டாவது கேள்வியையே யாரும் கேட்டதில்லை.

என் மனைவி சைவம். தைப்பொங்கலுக்கு மறுநாள் அவள் தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்புவாள். அலுவலகம் அதை மதியத்துக்குள் முடித்துவிட்டு, போன வருடப் பொங்கலோடு ஒப்பிட்டுப் பேசும். நத்தார் வந்தால், கிறிஸ்து பிறப்பு ஆராதனைச் செய்தியைச் சேகரிக்க நானே கேட்டுப் போவேன். "உனக்கும் ஒரு நல்ல நாள் லீவு வேணாமா?" என்று ஆசிரியர் கவலைப்படுவார். "பரவாயில்ல சேர்" என்பேன். தேவாலயத்தில் பாட்டுக்கு எல்லோரும் எழும்பும்போது நானும் எழும்பிப் பாடுவேன். காக்கா படம் எடுத்தபடி என் காதருகே வந்து, "நல்லாத்தான் நடிக்கிறாய்" என்பார்.

நான் இந்த நிலைக்கு வந்ததும் ஒரு செய்தியால்தான். ஒரு குறுக்கு வீதியில் தகரக் கூரை போட்ட சிறிய ஜெப வீடு ஒன்று இருக்கிறது. அங்கே ஒலிபெருக்கி சத்தம் கூடுதலாக இருக்கிறது என்று அயலவர்கள் முறைப்பாடு செய்திருந்தார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்பதுதானே முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பின்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தேன். சத்தம் கூடுதலாகத்தான் இருந்தது. அதையே எழுதினேன். அடுத்த ஞாயிறு, சத்தத்தைக் குறைத்துவிட்டார்களா என்று பார்க்கப் போனேன். குறைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு போவதற்கு என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. போனேன்.

அங்கே என்ன நடந்தது என்பதைச் செய்தி நடையில் சொல்ல எனக்குத் தெரியாது. மற்றவர்களின் துயரங்களைக் கேட்டு எழுதித் தூக்கத்தைத் தொலைத்தவன் நான். அந்தத் தகரத்துக்குக் கீழே ஒருவர் என் பெயரைச் சொல்லி எனக்காகக் கண்ணை மூடி மன்றாடினார். நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெய்யாகவே யாரோ ஒருவருடன் கதைத்துக்கொண்டிருந்தார். அந்த யாரோ ஒருவரைத் தேடித்தான் நான் திரும்பத் திரும்பப் போனேன்.

மூன்று வருடம் நம்பிக்கொண்டு பின்வரிசையில் இருந்த பிறகு, இந்த வருடம்தான் பாண்டிருப்புக் கடலில் ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கள் கடல் அதற்கெல்லாம் பொறுமையான கடல் அல்ல. போதகர் என் தோளைப் பிடித்து, "பிதா, குமாரன்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஓர் அலை எங்கள் இருவரையும் சுருட்டிக் கரையில் போட்டது. பரிசுத்த ஆவி வரும்வரை அலைக்குப் பொறுமை இல்லை. பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு எங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் போதகரிடம், "ஐயா, நீச்சல் பழக்கிறதெண்டா வாவிக்குக் கொண்டு போங்க" என்றார். மறுபடி இறங்கி முதலில் இருந்து தொடங்கினோம். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி, கண்கள் எரிய, நான் சிரித்துக்கொண்டே கரையேறினேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியாது. நிறுத்த முடியவில்லை.

தலை காயாமல் அலுவலகம் போனேன். "என்னண்ணே நனைஞ்சி வாறீங்க, மழையும் இல்ல?" என்றாள் தங்கச்சி.

"கடல்ல குளிச்சன்."

அது உண்மைதான். முழு உண்மை அல்ல.

போதகர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "தம்பி, மேடை போட்டுச் சொல்ல வேணாம். வீட்டுக்கு வெளிய உங்களத் தெரிஞ்ச ஒரு ஆளுக்காவது வாயத் திறந்து சொல்லுங்க. அடுத்த ஞாயிறு வந்து எனக்குச் சொல்லுங்க." ஞாயிறுகள் போயின. ஒவ்வொரு ஞாயிறும் நான் அவரைக் கண்டதும் கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன். ஜெப வீட்டில் என்னைப்போல் கதிரை அடுக்குகிறவன் இல்லை என்று பெயர் வாங்கினேன்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவத்தை வேதம் என்பார்கள்; 'வேதத்துக்கு மாறின ஆள்' என்றால் அது ஒரு முத்திரை. கோயில் சபைத் தலைவர் எனக்குத் தொலைபேசியில் செய்தி சொல்வார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் தேநீர் கொடுத்துச் செய்தி சொல்வார். இருவரும் என்னைத் தமிழனாகவும் நம்பினார்கள், எந்தப் பக்கமும் இழுக்காதவனாகவும் நம்பினார்கள். அந்த முத்திரை விழுந்தால் இருவரும் என்னை வாசலோடு நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். போதாததற்கு, ஒரு மூட்டை அரிசிக்காக மதம் மாறுகிறவர்களைக் கண்டித்து எங்கள் பத்திரிகையிலேயே ஒரு கட்டுரை வந்திருந்தது. அதற்குப் பிழை திருத்தியவன் நான்தான். ஒரு கால்புள்ளி கூட விடாமல் திருத்தினேன்.

மாரி மழை தொடங்கிய ஒரு நாள், படகுகள் பற்றிய செய்திக்காகக் காக்காவின் மோட்டார் சைக்கிளில் ஒலுவில் துறைமுகத்துக்குப் போனேன். காக்கா மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் ஓடுவதைப்போல் இருக்கும். அவர் பின்னால் இருந்து போகிறவன் எந்த மதமானாலும் ஜெபம் செய்துகொண்டுதான் போவான். இவருக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

"காக்கா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லன்டா."

"ஒருத்தருக்கும் சொல்லப்படா."

வேகம் கொஞ்சம் குறைந்தது. "வீட்டு விஷயமா?"

"வீட்டுக்கும் சம்பந்தம்தான்."

"நல்லதா கெட்டதா?"

"நல்ல விஷயம்தான். எப்புடிச் சொல்றதெண்டு தெரியல்ல..."

நிந்தவூர் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிரே நெல் மூட்டைகளுடன் ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. காக்கா வீதியை முழுதாக மறந்து, என் பக்கம் முகத்தைத் திருப்பி, பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தார்.

"மாஷா அல்லாஹ்! எத்தினை மாசம்?"

நான் லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லொறி எங்களை உரசாமல் போனபோது விஷயம் கைமீறிப் போயிருந்தது.

"மகளுக்குத் தெரியுமா?"

"இல்ல காக்கா, அது..."

"ஓம், சின்னப் புள்ளைக்கு இப்ப சொல்லப்படா. மூணு மாசம் முடியட்டும். நீ ஏன்டா வெக்கப்படுறாய்? இது வெக்கப்படுற விஷயமா?"

துறைமுகத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களிடமே அவர் அதைச் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத மீனவர் ஒருவர் ஒரு பாரை மீனை வாழையிலையில் சுற்றி என் கையில் திணித்தார். "புள்ளத்தாச்சிக்குக் குடுங்க தம்பி."

மறுநாள் காலையில் என் மேசையில் வட்டிலப்பம் இருந்தது. காக்காவின் மனைவி தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் விட்டு, முந்திரிப் பருப்புத் தூவி அவித்தது. ஆசிரியர் என் தோளைத் தட்டி, "பிரசவ நேரம் லீவு எடு, இப்பயே சொல்லி வை" என்றார். தங்கச்சி கணினியில் பூக்கள் போட்டு ஒரு வாழ்த்து அட்டை அச்சடித்திருந்தாள். மறுக்க வாயைத் திறந்தேன். காக்கா அதற்குள் ஒரு கரண்டி வட்டிலப்பத்தை வைத்துவிட்டார். அது மிக நன்றாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

அன்று பின்னேரம் நான் வீடு போகுமுன் செய்தி போய்விட்டது. காக்காவின் மனைவி என் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, அன்னாசி மட்டும் தின்ன வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த நேரம் என் மனைவி அன்னாசிதான் வெட்டிக்கொண்டிருந்தாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கத்தியோடு வந்து நின்றாள்.

"எனக்கு எத்தினை மாசமாம்?"

நடந்ததைச் சொன்னேன். லொறி, பாரை மீன், வட்டிலப்பம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து, சுவரோடு சாய்ந்து, கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கத்தியைத் தரையில் வைத்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"இஞ்ச பாருங்க. நீங்க யேசுவக் கும்பிடுறது எனக்குப் பழகிட்டு. நான் ஒண்டும் சொல்லல்ல. வாற கிழமை உங்கட ஒபிஸ் விழா. இந்த முறையும் ஏறி நிண்டு தேவாரம் படிக்கப் போறீங்களா?"

"இந்த ஒருமுறைதானே..."

"நம்பாத வாயால என்னத்துக்குப் படிக்கிற? உங்கட யேசுவுக்கும் அது அவமானம், என்ட சிவனுக்கும் அவமானம். ரெண்டு பேரையும் ஒரே மேடையில வச்சி ஏமாத்தத் துணிவிருக்கு. உள்ளதச் சொல்லத்தான் துணிவில்ல."

நான் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டத் தொடங்கினேன்.

"இந்த முறை நானும் வாறன்" என்றாள். "நீங்க தேவாரம் படிக்க வாயத் திறந்தா நான் சபையில எழும்புவன். இவர் வேதக்காரர் எண்டு சொல்லுவன். எனக்குப் புள்ளையும் இல்ல எண்டு சொல்லுவன். ரெண்டையும் சேத்துச் சொல்லுவன்."

போதகர் ஒருநாளும் என்னை அப்படி உலுக்கியதில்லை.

எங்கள் ஊரில் எந்தக் கூட்டமும் எல்லா மதத்து இறைவணக்கத்தோடுதான் தொடங்கும். வீதி திறப்பு விழாவானாலும் கோழி வளர்ப்புப் பயிற்சியானாலும் அதுதான் முறை. எங்கள் விழாவில் முதலில் காக்கா கிராஅத் ஓதுவார். அவர் குர்ஆனை ஓதத் தொடங்கினால் கீழே துணிக்கடையில் பேரம் நின்றுவிடும். அடுத்தது என் தேவாரம். மூன்றாவது கிறிஸ்தவ ஜெபம். அதற்கு எங்களுக்கு ஒருபோதும் ஆள் கிடைத்ததில்லை. ஆனாலும் ஆசிரியர் அழைப்பிதழில் அந்த வரியை விட்டுவிட மாட்டார். மேடையில் தங்கச்சி, "அடுத்து, கிறிஸ்தவ சகோதரர்களுக்காக ஒரு நிமிட மௌனம்" என்று அறிவிப்பாள். செத்துப்போனவர்களுக்குச் செய்வதைப்போல எல்லோரும் தலை குனிந்து நிற்பார்கள். தேவாரம் பாடி முடித்த நான் மேடை ஓரத்தில் நின்று, எனக்காக நடக்கும் அந்த மௌனத்தில் மூன்று வருடம் கலந்துகொண்டிருக்கிறேன்.

விழா நாள் மழை கொட்டியது. பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் குடையோடு வரத் தொடங்கினார்கள். தின்பதற்குப் பெட்டிஸும் ரோல்ஸும் வந்தன. பெனர் ஈரத்தில் ஒரு பக்கம் தொங்கியது. என் மனைவி மகளோடு வந்தாள். பட்டுச்சேலை, நெற்றியில் திருநீறு, அதன்மேல் பெரிய பொட்டு. காக்காவின் மனைவி அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், குஷன் போட்ட ஒரேயொரு கதிரையில் இருத்தினார். குஷனில் இருந்தபடி என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

பிரதம விருந்தினர் காரில் வந்து கீழே இறங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. இனி நேரமில்லை. ஆசிரியர் விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"சேர், நான் கிறிஸ்தவன். மூணு வருஷமாச்சி. தேவாரம் படிக்க மாட்டன்."

மூன்று வசனங்கள். விஷயம் முதல் வசனத்திலேயே இருந்தது. அவர் பயிற்சி வீண்போகவில்லை.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார்.

"அப்ப தேவாரம் ஆரு படிக்கிற?"

நான் எதிர்பார்த்த கேள்விகளில் அது இருக்கவில்லை. நம்பிக்கைத் துரோகம், மதமாற்றம், வேலை நீக்கம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

"இத இப்பயா சொல்ற? ஆள் கீழ நிக்கிறார்! தம்பி, இஞ்ச ஓடி வா!" என்று காக்காவைக் கூப்பிட்டார். "சுறுக்காப் போய் ஒரு சைவ ஆளப் புடிச்சிட்டு வா!"

"ஏன் சேர், இவன் இரிக்கான்தானே?"

"இவன் வேதக்காரனாம்!"

காக்கா கமராவை மெதுவாக இறக்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப புள்ள?"

"புள்ள இல்ல காக்கா."

"அதுவும் இல்லையா?" அவர் குரலில் மெய்யான வேதனை இருந்தது. "வட்டிலப்பம் திண்டாய்தானேடா!"

படியால் தடதடவென்று இறங்கி ஓடினார். பக்கத்து நகைக்கடைப் பத்தரிடம் கேட்டிருக்கிறார். குளிக்காமல் தேவாரம் வாயில் வராது என்று அவர் மறுத்துவிட்டாராம். பிரதம விருந்தினரின் சாரதியிடமும் கேட்டிருக்கிறார். அவர் சிங்களவர். பிரதம விருந்தினருக்குக் கொஞ்ச நேரம் துணி காட்டுமாறு கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, மழையில் நனைந்து தனியாகத் திரும்பி வந்தார். ஒலிபெருக்கி கட்ட வந்தவர் தானே முன்வந்தார். "நான் பாடுவன் சேர். ஆனா எனக்கு சினிமாப் பாட்டுத்தான் முழுசா வரும்."

"பக்திப் படமா?" என்று கேட்டார் ஆசிரியர். அவர் அந்த நிலைக்கு வந்திருந்தார்.

அப்போது தங்கச்சி, "சேர், அண்ணன்ட மனிசி இரிக்கிறாங்களே" என்றாள்.

எல்லோரும் திரும்பினோம். குஷன் கதிரையில், திருநீறும் பொட்டுமாக, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

ஆசிரியர் போய்க் குனிந்து கேட்டார். "தங்கச்சி, நீங்களுமா...?"

"நான் சாகும்வரைக்கும் சைவந்தான் சேர்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் ஹாஜியார். ஒருவர் சைவமாக இருப்பதற்கு அவ்வளவு மனமார நன்றி சொன்னவர் எங்கள் பகுதியில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

"படிக்கிறன். ஆனா இந்தக் குஷன எடுக்கச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

ஆசிரியர் நேராக என்னிடம் வந்தார். கட்டுரையில் வந்த அந்த மூட்டை அரிசிக் கேள்வி வரும் என்று தெரியும். வந்தது.

"எத்தினை மூட்டை தந்தானுகள்?"

"ஒண்டும் தரல்ல சேர். நான்தான் மாசாமாசம் காணிக்கை போடுறன்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீ நட்டத்துக்குத்தான் மாறி இரிக்காய்." பேனாவை எடுத்து நிகழ்ச்சி நிரலில் இருந்த 'மௌனம்' என்ற சொல்லை வெட்டினார். "எத்தினை வருஷமா இதுக்கு ஆள் தேடினன். மட்டக்களப்பில இருந்து ஒரு பாதர வேன் வச்சிக் கூப்பிடவும் பார்த்தன். நீ பக்கத்து மேசையில இருந்து பெட்டிஸ் திண்டிருக்காய். ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகாத."

பிரதம விருந்தினர் மேலே வந்தார். விளக்கு ஏற்றினார்கள். காக்கா நனைந்த சேட்டோடு கிராஅத் ஓதினார். கீழே பேரம் நின்றது. அடுத்து என் மனைவி. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நான் வருடா வருடம் பாடிய அதே தேவாரம்தான். ஆனால் என் வாயில் அது ஒருநாளும் அப்படி ஒலித்ததில்லை. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது கண்கள் ஈரமாக இருந்தன. அவள் சொன்னது சரிதான். அது நான் தொடவே கூடாத பாட்டு.

தங்கச்சி ஒலிவாங்கியில் என் பெயரைச் சொன்னாள். "கிறிஸ்தவ ஜெபம்" என்று சொல்லி, தன் வாயில் அது எப்படி வந்தது என்று தானே திகைத்தவளைப்போல் ஒருகணம் நின்றாள். முருகன் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சபை நிமிர்ந்தது. இரண்டாம் வரிசையில் கோயில் சபைத் தலைவர். அவருக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் நிர்வாகி. கதிரைகளுக்குக் கீழே ஈரக் குடைகள்.

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இந்த மழைக்காக உமக்கு நன்றி" என்றேன்.

"ஆமீன்" என்றது சபை.

நான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. துஆ என்று பிரார்த்தனை கேட்டால் ஒவ்வொரு வசனத்துக்கும் ஆமீன் சொல்வது முஸ்லிம்களின் பழக்கம். கைகளை ஏந்தியபடி அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"வயலில் நிற்கிற வேளாண்மையைக் காத்துக்கொள்ளும்."

"ஆமீன்."

"கடலுக்குப் போனவர்களைக் கரை சேர்த்தருளும்."

"ஆமீன்!" இது காக்கா. எல்லோரையும்விடச் சத்தமாக.

"பத்திரிகையில் பிழை வராமல் பார்த்துக்கொள்ளும்."

"ஆமீன்" என்று ஆசிரியர் ஆழமாகச் சொன்னார்.

எனக்குத் தலை சுற்றியது. எதைக் கேட்டாலும் அத்தனை பேரும் சேர்ந்து கேட்டார்கள். பாண்டிருப்பு அலை தூக்கியதைப்போல் அந்தச் சத்தம் என்னைத் தூக்கியது. ஆசுபத்திரியில் இருப்பவர்களுக்காகக் கேட்டேன், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகக் கேட்டேன், மாட்டு வண்டிக்குக்கூடக் கேட்டிருப்பேன். முன்வரிசையில் என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு முடிக்கும் இடம் வந்தது. நாங்கள் ஒரு பெயரைச் சொல்லித்தான் முடிப்போம். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு 'ஆமென்' என்றால் எல்லோரும் சந்தோஷமாக ஆமீன் சொல்வார்கள், ரோல்ஸ் வரும், எல்லாம் நன்றாக முடியும். அவ்வளவு இனிமையாக இருந்த ஒன்றை ஏன் கெடுக்க வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நொடியில் நான் மறுபடியும் மேடை ஓரத்து மௌனத்தில் நின்றேன்.

"இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

யாரும் ஆமீன் சொல்லவில்லை. ஏந்திய கைகள் சில மெதுவாக மடிக்கு இறங்கின. தகரத் தாழ்வாரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது.

"ஆமென்" என்று நான் தனியாகச் சொன்னேன். சொன்னதும் அந்தக் கடற்கரைச் சிரிப்பு மறுபடி வந்துவிட்டது. பற்களைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

ரோல்ஸ் வந்தது. கோயில் தலைவர் என்னைத் தாண்டிப் போனார். வாசலில் நின்று என் மனைவியிடம், "நல்லாப் படிச்சீங்க பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு அவர் எனக்குத் தொலைபேசி எடுப்பது குறைந்திருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. பள்ளிவாசல் நிர்வாகி ஒரு ரோல்ஸை என் தட்டில் வைத்து, "தெரிஞ்சிருந்தா நத்தாருக்குச் சாமான் அனுப்பியிருப்பமே" என்றார். காக்காவின் மனைவி மட்டும் வட்டிலப்பத்தைப் பற்றி இன்னும் கதைக்கிறார்.

ஞாயிறு போதகரிடம் சொன்னபோது, "ஒரு ஆளுக்கெண்டுதானே சொன்னன்?" என்றார்.

அடுத்த நாள் மறுபடி ஒலுவிலுக்குப் போக வேண்டியிருந்தது. காக்கா வழமைபோல் பறந்தார். காரைதீவைத் தாண்டினோம். பிறகு, திரும்பிப் பார்க்காமல், "கடைசியா ஒரு பேர் சொன்னாய்தானே?" என்றார்.

"ஓம் காக்கா."

"அந்த இடத்துல நான் ஆமீன் சொல்லல்ல. கோவமா?"

"இல்ல காக்கா. சொல்லியிருந்தாத்தான் பயந்திருப்பன்."

சிரித்தார். கொஞ்சத் தூரம் போனோம். "யேசுவ நாங்க ஈஸா நபி எண்டுவம், அவர எங்களுக்கும் தெரியும். நாங்க நம்புறது வேற, நீ சொன்னது வேற. அது எனக்கு வெளங்குது. எனக்கு வெளங்காதது என்னெண்டா, முருகன்ட பேர வச்சிக்கொண்டு, வீட்ட பொங்கலும் திண்டுகொண்டு, நீ எப்புடிடா அங்க போய் விழுந்தாய்?"

"சொல்றன். மெதுவா ஓடுங்க."

அவர் மெதுவாக ஓட்டினார். அவர் அப்படி ஓட்டி நான் கண்டதில்லை. இரண்டு பக்கமும் வயல் பச்சையாக நின்றது. நான் ஒலிபெருக்கிச் சத்தத்தில் இருந்து தொடங்கினேன். பின்வரிசைக் கதிரைக்கு வந்து சேருவதற்குள், மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் மணி அடித்து எங்களை முந்திக்கொண்டு போனார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "என்ன காக்கா, பெற்றோல் முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்.